விழித்திரை ஆபரேஷன் முடிஞ்சதும் விமானம் ஏறலாமா? கண்ணுக்குள் ரத்த ஓட்டம் பற்றித் தெரிஞ்சுக்கோங்க!

கடலாடி, ராமநாதபுரம் பக்கத்தில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் அதிகம். லீவில் வந்த இடத்தில் விழித்திரை விலகி ஆபரேஷன் ஆகிவிட்டால், ரிட்டர்ன் டிக்கெட்டை என்ன செய்வது?

முதலில் அடிப்படை. விழித்திரைக்கு இரண்டு வழியாக ரத்தம் கிடைக்கிறது. உள் அடுக்குகளுக்கு மைய விழித்திரைத் தமனி. ஒளியை உணரும் செல்கள் உள்ள வெளி அடுக்குக்கு, பின்னால் ஒட்டியிருக்கும் கோராய்டு என்ற ரத்தநாளப் படலம். விழித்திரை கிழிந்து, நீர் உள்ளே புகுந்து இரண்டையும் பிரித்துவிட்டால், அந்தச் செல்களுக்கு ஆக்ஸிஜன் குறைந்துவிடும். வலி இருக்காது. அதுதான் ஆபத்தே! திடீரென கரும்புள்ளிகள் பறப்பது, மின்னல் வெட்டுவது, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருட்டுவது இதன் அறிகுறிகள். நடுப்பகுதியான மாக்குலா விலகும் முன் ஆபரேஷன் நடந்தால் பார்வை நன்றாகத் தப்பும். 'ரெண்டு நாள் பார்க்கலாம்' வேண்டாம். முதுகுளத்தூர், பரமக்குடி வழியாக மதுரைக்கு உடனே பஸ் ஏறுங்கள். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உட்பட, விழித்திரைக்கான சிறப்பு சிகிச்சை அங்கே இருக்கிறது.

ஆபரேஷனில் ஒரு முறை, கண்ணின் வெளியே சிலிக்கான் பட்டை வைத்துத் தைப்பது. கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் ஓரளவு குறையலாம். இன்னொன்று விட்ரெக்டமி: உள்ளிருக்கும் ஜெல்லி போன்ற திரவத்தை எடுத்துவிட்டு கேஸ் அல்லது சிலிக்கான் ஆயில் நிரப்புவார்கள். எஸ்எஃப்6 கேஸ் கரைய சுமார் 2 வாரம், சி3எஃப்8 என்றால் 2 மாதம் வரைகூட ஆகும்.

இங்கேதான் விமானப் பிரச்சினை. பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறையும். கண்ணுக்குள் இருக்கும் கேஸ் விரியும், கண் அழுத்தம் எகிறும். தமனியில் ரத்தம் வரும் அழுத்தத்தையே அது மிஞ்சினால் ஓட்டம் நின்று, பார்வை நிரந்தரமாகப் போகலாம். கொடைக்கானல் ட்ரிப்பும் இதே காரணத்தால் கூடாது. அதுவும் சுமார் 7,000 அடி. ஆயில் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அதை எடுக்க பெரும்பாலும் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். எந்த கேஸ் வைத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். கேஸ் முழுக்கக் கரைந்துவிட்டது என டாக்டர் சொன்ன பிறகே டிக்கெட் போடுங்கள்.

இன்னொன்று, பலர் மறப்பது: இடையில் வேறு ஆபரேஷன் வந்தால், கண்ணில் கேஸ் இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுத்தாலும் அந்த கேஸ் விரியும்.