தில்லிக் கணப்பு

ஜோர்பாக், சுந்தர் நகர், கோல்ஃப் லிங்க்ஸ், கிழக்கு நிஜாமுதீன் போன்ற தில்லிக் குடியிருப்புகளில் 1950களில் கட்டிய வீடு இன்னும் இடிபடாமல் நின்றால், அதன் வரவேற்பறைச் சுவரில் பெரும்பாலும் ஒரு குழி இருக்கும். இடுப்பளவு உயரம். சுற்றிலும் கண்ணாடிப் பூச்சுள்ள டைல்ஸ், காப்பிக்கொட்டை நிறத்திலோ பாட்டில் பச்சையிலோ. மேலே ஒரு கல்பலகை, அதன்மேல் குடும்பப் படங்கள். குழிக்குள் பழைய செய்தித்தாள் கட்டு அல்லது பூச்சாடி. வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் கண்ணில் படுவதும் முதலில் உடைக்கச் சொல்வதும் இதைத்தான். உடைப்பதற்கு முன் இதன் பெயரைக் கொஞ்சம் விசாரிக்கலாம் என்பது என் கோரிக்கை.

தில்லித் தமிழர் இதை பயர்பிளேஸ் என்பார். வேலைக்கு வரும் மிஸ்திரி அங்கீட்டி என்பார். உருது படித்த தலைமுறையைச் சேர்ந்த வீட்டுக்காரர் ஆதிஷ்தான் என்பார். மூன்று மொழிச் சொற்கள். மூன்றையும் வார்த்த அச்சு ஒன்றே. ஆங்கிலச் சொல்லுக்குத் தீ இருக்கும் இடம் என்று பொருள். ஆதிஷ்தானில் 'ஆதிஷ்' என்பது தீ. 'தான்' என்பது ஏந்தி வைத்திருக்கும் கலத்தைக் குறிக்கும் பாரசீக ஒட்டு. வெற்றிலைப் பெட்டிக்கு வடக்கே பான்தான் என்று பெயர் வந்ததும் இதே ஒட்டால்தான். அங்கீட்டியின் வேர் வடமொழி 'அக்னிஷ்டிகா': தீ நிற்கும் சட்டி. பிராகிருதத்தில் 'க்னி' இரட்டித்து 'க்கி' ஆகி, பிறகு மூக்கொலி ஏறி அங்கீட்டி ஆயிற்று. ஆக மூன்றிலும் தீதான் தலைவி, அவளுக்கு ஓர் இருப்பிடம், அவ்வளவே.

லத்தீனில் இந்த உறவு தலைகீழாகப் போயிருக்கிறது. அங்கே வீட்டு அடுப்புக்கு 'ஃபோகஸ்' என்று பெயர். அந்தச் சொல்லின் வழிவந்தவை இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் பிரெஞ்சிலும் தீயையே குறிக்கின்றன. இடத்தின் பெயர் நெருப்பின் பெயராகிவிட்டது. 1604இல் ஒளியியல் நூல் எழுதிய கெப்ளர், கதிர்கள் வந்து கூடும் புள்ளிக்கு இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். லென்ஸை வெயிலில் பிடித்தால் தாள் பற்றிக்கொள்ளும் இடம் அது. நாம் இயற்பியல் பாடத்தில் குவியம் என்று படித்தோம்.

தமிழ்ச் சொல் கணப்பு. குளிர்காய்வதற்காக மூட்டும் தீ என்று அகராதிகள் பொருள் சொல்லும். ஆனால் இந்தச் சொல்லுக்குள் தீயும் இல்லை, இடமும் இல்லை. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டுவிட்டு 'உடம்பு கணகணன்னு இருக்கு' என்கிறோமே, அந்தக் கணகணப்புதான் இதன் சுற்றம். குழந்தைகளுக்கு வரும் கணைச்சூடு என்று பாட்டிமார் சொல்வதும் இதே வீட்டுப் பிள்ளை. கண்ணுக்குத் தெரியும் சுடரை விட்டுவிட்டு, தோலுக்குத் தெரியும் வெதுவெதுப்பை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையில் கணப்புச் சட்டி வைப்பதுண்டு. தவிட்டையோ வறட்டியையோ கனியவிட்டு மேலே சாம்பல் போர்த்திய சட்டி. அதில் சுடர் எழுந்தால் குற்றம், சூடு மட்டும் நின்றால் சரி.

கணப்புக்கு முன்பே வேறு இரண்டு பெயர்கள் வழக்கில் இருந்திருக்கின்றன. நெடுநல்வாடையில் வாடைக்காலம் வந்ததும் மதுரை மாடங்களில் அகன்ற வாய் கொண்ட 'தடவு' ஒன்றில் நெருப்பிட்டுக் குளிர்காய்கிறார்கள். அதே பாட்டின் தொடக்கத்தில், வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் ஏறிய இடையர்கள் கையில் கொள்ளியோடு தாடை நடுங்க நிற்கிறார்கள். மாடத்துக் குளிரையும் மேய்ச்சல் நிலத்துக் குளிரையும் நக்கீரர் ஒரே பாட்டில் வைத்தது எனக்கு ஒவ்வொரு தில்லிக் குளிர்காலத்திலும் நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலும் மதுரைச் செல்வர்கள் சன்னல்களை அடைத்துக்கொண்டு தடவின் அருகில் அமர்கிறார்கள். இன்னொரு பெயர் இந்தளம். தேவாரத்தில் இரண்டாம் திருமுறையைத் தொடங்கிவைக்கும் பண்ணுக்கும் இதே பெயர். தடவு, இந்தளம் இரண்டும் தூக்கிச் செல்லும் கலங்கள். சுவருக்குள் தீ வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அடுப்பங்கரைப் புகைக்கூண்டு மட்டும் இருந்தது.

குறளில் ஓர் இடம் சொல்லாமல் போக முடியாது. மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரத்தின் முதல் குறள், 691ஆம் குறள், அரசனிடம் பணியாற்றுகிறவன் தீக்காய்கிறவனைப் போல விலகியும் போகாமல் நெருங்கியும் விடாமல் இருக்க வேண்டும் என்கிறது. தலைநகரில் வேலைபார்த்த தமிழர் பல தலைமுறையாக வாயில் வைத்திருக்கும் குறள் அது.

அந்தத் தலைநகரம் எழுந்த விதத்தில்தான் சுவர்க் கணப்பின் காரணமும் இருக்கிறது. 45 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் எதற்குக் கணப்பு என்று கேட்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: புதுதில்லி குளிர்காலத் தலைநகராகத் திட்டமிட்ட ஊர். 1911 டிசம்பரில் தலைநகர் மாற்றத்தை அறிவித்தபோதும், 1931 பிப்ரவரியில் நகரைத் திறந்துவைத்தபோதும், அரசாங்கம் வெயில் தொடங்கியதும் கோப்புகளோடு சிம்லாவுக்கு ஏறிவிடும் வழக்கம் இருந்தது. இறங்கி வருவது அக்டோபர் வாக்கில். சென்னை மாகாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களும் அந்த ஊர்வலத்தில் உண்டு. எனவே லட்டியன்ஸும் பேக்கரும் ரஸ்ஸலும் வரைந்த கட்டடங்களில் மனிதர்கள் இருக்கப்போவது குளிர் மாதங்களில்தான். பதினைந்து அடிக்கு மேல் உயர்ந்த கூரை, தடித்த செங்கல் சுவர், கல் தரை; ஜனவரியில் இவை மூன்றும் சேர்ந்தால் அறை நடுங்கவைக்கும். 1935 ஜனவரி 16 அன்று சஃப்தர்ஜங்கில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 0.6 டிகிரி வரை இறங்கியது. பங்களாக்களின் கூரையில் வரிசையாக எழும் புகைபோக்கிகளுக்கு விளக்கம் இதுதான். விடுதலைக்குப் பிறகு தனியார் வீடு கட்டியபோது, பங்களாவில் கண்ட கணப்பைச் சிறிதாக்கித் தம் வரவேற்பறையிலும் வைத்துக்கொண்டார்கள். கல்லுக்குப் பதில் டைல்ஸ் வந்தது அப்போதுதான்.

தமிழ்நாட்டில் இதே சுவர்க் கணப்பு மலையேறித்தான் வந்தது. ஜான் சல்லிவன் 1822இல் உதகையில் கல் பங்களா எழுப்பத் தொடங்கிய காலம் முதல், உதகை, குன்னூர், கொடைக்கானல் பங்களாக்களுக்குப் புகைபோக்கி இன்றியமையாத உறுப்பானது. சட்டியைக் குறித்த கணப்பு என்ற சொல் சுவருக்குள் குடிபுகுந்ததும் அந்தப் பங்களாக்களைப் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதத் தொடங்கியதும் ஒன்றையொன்று ஒட்டி நடந்தவை. சமவெளியில் சிம்னி என்றால் கண்ணாடிக் கூண்டு போட்ட மண்ணெண்ணெய் விளக்கு. சூளையைக் குறித்த கிரேக்கச் சொல் ஒன்று லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் கடந்து நம் திண்ணையில் விளக்காக வந்து உட்கார்ந்தது.

தில்லியில் தமிழ்க் குடும்பங்கள் அன்றாடம் புழங்கியது சுவர்க் கணப்பை அல்ல; இரும்பு வாளி அங்கீட்டியை. கரோல்பாக்கிலும் கோல் மார்க்கெட்டிலும் எரிவாயு வருவதற்கு முந்தைய சமையலறைகளில் அது இருந்தது. வாளியின் உட்புறம் களிமண் பூசி, நடுவில் கம்பிகள் செருகி, கீழே சாம்பல் விழ ஒரு வாய் வெட்டியிருப்பார்கள். ஊரில் குமுட்டி அடுப்பு பழகிய கைக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. தெலுங்கிலும் கும்பட்டி என்பது கரியடுப்புதான். விடியற்காலையில் வாசலில் வைத்து வறட்டியும் கரியும் போட்டு மூட்டி, புகை அடங்கிக் கரி சிவந்த பிறகே உள்ளே தூக்கி வருவார்கள்.

அந்தச் சிவந்த கரியில்தான் ஆபத்து இருக்கிறது. புகை அடங்கியதால் நஞ்சும் அடங்கியது என்று நினைக்கக் கூடாது. அடைத்த அறையில் போதிய காற்றில்லாமல் கனியும் கரி, கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். நிறமில்லை, வாசமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் விழிப்பதில்லை. தில்லியில் ஜனவரி மாத நாளிதழ்களில், அங்கீட்டியை உள்ளே வைத்துக் கதவடைத்துப் படுத்த குடும்பத்தைப் பற்றிய செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளர்கள். புகைபோக்கியோடு வந்த சுவர்க் கணப்பு இந்த ஒரு வகையில் சட்டியைவிட மேலானது.

ஆனால் இன்று அந்தப் புகைபோக்கி வழியே விறகுப் புகையை விடுவது தில்லிக்குச் செய்யும் கெடுதல். காற்று மாசுக்கான படிநிலைச் செயல்திட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. காற்றின் தரம் மோசமானதும் தந்தூர் அடுப்புகளில் கரிக்கும் விறகுக்கும் தடை வருகிறது, திறந்த வெளியில் எதையும் எரிக்கக் கூடாது என்றாகிறது. இந்த நிலையில் வரவேற்பறையில் அழகுக்காகக் கட்டை எரிப்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

தீ போய்விட்டது. தீயின் இடம், தீயின் கலம், தீ நிற்கும் சட்டி என்ற பெயர்களெல்லாம் காலியாகிவிட்டன. அதனால்தான் வீட்டுக்காரர்கள் குழியைப் பார்த்து 'இதுக்கு இனி என்ன வேலை' என்று உடைக்கச் சொல்கிறார்கள். வெதுவெதுப்பைப் பெயராகக் கொண்ட கணப்புக்கு இன்னும் வேலை உண்டு என்று நான் உறுதியாகச் சொல்வேன். சுடரில்லாத மின்கணப்பு ஒன்றை அந்தக் குழிக்குள் வைத்தால், பெயரும் பொருளும் மறுபடி பொருந்துகின்றன.

வேலை தொடங்க வேண்டியது கூரையில். புகைபோக்கி திறந்தே கிடந்தால் மழை இறங்கும், புறா கூடு கட்டும், நவம்பர் மாசும் அந்த வழியாக வரும். வாயின்மேல் கல்பலகை போட்டு, பக்கவாட்டில் வலை அடித்த சிறு இடைவெளி விட வேண்டும். முழுக்க அடைத்தால் உள்ளே ஈரம் தங்கிச் சுவர் ஊறிவிடும். கீழே, அறைப் பக்கத்துத் தொண்டையைத்தான் இறுக்கமாக அடைக்க வேண்டும். குழியின் உட்பக்கச் சுவர்கள் முன்நோக்கி விரிந்து சாய்ந்திருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். கவுண்ட் ரம்ஃபோர்டு 1796இல் எழுதிய கட்டுரை சொன்ன வடிவம் அது: ஆழம் குறைந்து பக்கங்கள் சாய்ந்தால் வெப்பம் மேலே ஓடாமல் அறைக்குள் வீசும்.

அடுத்தது டைல்ஸ். விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் போதும். கெட்டியான ஓசை வந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. பொள்ளென்று ஒலித்தால் பின்னாலுள்ள சாந்து விட்டுப்போயிருக்கிறது. மேற்பூச்சில் மயிரிழை விரிசல் ஓடியிருப்பது வயதின் அடையாளம், பழுதாகாது. விட்டுப்போனவற்றை மட்டும் எடுத்துத் திரும்பப் பதிக்கலாம். உடைந்த இடத்துக்கு அதே நிறம் கிடைக்காவிட்டால் கோட்டா கல் பட்டை ஒன்று வைக்கலாம், தில்லித் தரைகளோடு அது இசையும். இதற்கு முன்மாதிரி நிஜாமுதீனிலேயே இருக்கிறது. ஹுமாயூன் கல்லறையை ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை சீரமைத்து 2013இல் முடித்தபோது, உஸ்பெக் கைவினைஞர்களிடம் பயிற்சி பெற்ற நிஜாமுதீன் பஸ்தி இளைஞர்கள் மாடக்குவிமாடங்களுக்குப் புதிய டைல்ஸ் சுட்டுக்கொடுத்தார்கள். பழையது நின்ற இடத்தில், பூச்சு போயிருந்தாலும், அதைப் பெயர்க்கவில்லை. வெற்றிடத்துக்கு மட்டுமே புதியது. நம் வீட்டு மிஸ்திரியிடமும் இதைச் சொல்லலாம், கேட்பார். நம் மேஸ்திரியும் அவர்களுடைய மிஸ்திரியும் போர்த்துகீசிய 'மெஸ்த்ரே' என்ற ஒரே ஆசானிடமிருந்து வந்தவர்கள்.

பிறகு மின்சாரம். 2,000 வாட் கணப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 1950களின் கம்பியில், ஐந்து ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகுவது வீட்டுக்குத் தீ வைக்கும் வேலை. மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, எர்த் சோதித்து, பதினைந்து ஆம்பியர் பவர் பிளக் போட வேண்டும்.

எலக்ட்ரீஷியன் வந்திருக்கும் அன்றைக்கே இன்னொரு கம்பியும் இழுக்கச் சொல்லுங்கள், வாசல் காவலாளியின் கூண்டுக்கு. தில்லியில் இன்று நிஜமாகவே தீக்காய்கிறவர் அவர்தான். சருகையும் அட்டைப்பெட்டியையும் சில சமயம் பழைய டயரையும் எரித்துக்கொண்டு, நக்கீரரின் இடையரைப் போல இரவு முழுக்க வெளியே நிற்கிறார். அவர் எரிப்பதைத் தடுக்கும் அதே செயல்திட்டம், அவருக்கு மின்கணப்பு தர வேண்டியது குடியிருப்போர் சங்கங்களின் பொறுப்பு என்றும் சொல்கிறது. கம்பி, பிளக், ஹீட்டர் எல்லாம் சேர்ந்தாலும் வரவேற்பறைக் கல்பலகையின் விலைகூட ஆகாது. டிசம்பருக்கு முன் முடித்துவிடலாம்.