பதிவு மூப்பு

பதிவு மூப்பு என்பது தமிழ்நாட்டில் ஒருவர் தமது கல்வித் தகுதியை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்த நாளைக் கொண்டு கணக்கிடப்படும் முன்னுரிமை ஆகும். அரசு அலுவலகம் ஒன்று காலிப் பணியிடத்துக்குப் பெயர்ப் பட்டியல் கேட்கும்போது, தகுதியுடையோருள் முதலில் பதிந்தவர் பெயர் முதலில் பரிந்துரைக்கப்படும். இனச்சுழற்சியும், ஆதரவற்ற விதவைகள், முன்னாள் இராணுவத்தினர் போன்ற முன்னுரிமைப் பிரிவுகளும் இவ்வரிசையில் கணக்கில் கொள்ளப்படும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945 இல் இந்தியாவில் இவ்வலுவலகங்கள் தொடங்கப்பட்டன. பின்னர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டு, 1956 நவம்பரில் மாநில அரசுகளின் நிருவாகத்துக்கு வந்தன. 1959 ஆம் ஆண்டுச் சட்டம் அரசு நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாத தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. அலுவலகம் அனுப்பியவரையே பணியில் அமர்த்த வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. பதிந்துவிட்டால் வேலை உறுதி என்று நம்பியிருந்தோர் பலர் இதனை அறிந்திருக்கவில்லை. பட்டியலில் உள்ளோரை மட்டுமன்றி, செய்தித்தாள் விளம்பரம் கண்டு விண்ணப்பிப்போரையும் கருத வேண்டும் என 1996 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் மூப்பின் வலு குறைந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர் நியமனத்தில் சில காலம் பதிவு மூப்பே தீர்மானித்து வந்தது. 2012 இல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடைமுறைக்கு வந்தபின் பல ஆண்டுகள் காத்திருந்தோரும் தேர்வெழுத வேண்டியவராயினர்.

பதிவும் புதுப்பித்தலும்

ஒவ்வொரு தகுதிக்கும் மூப்பு தனித்தனியானது. 1998 இல் பத்தாம் வகுப்பையும் 2003 இல் பட்டத்தையும் பதிந்த ஒருவருக்குப் பட்டத்தின் மூப்பு 2003 இலிருந்தே தொடங்கும். வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தால் பதிவை மாற்றிக்கொள்ளலாம், மூப்பு குறையாது.

பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சலுகைக் காலமும் கடந்துவிட்டால் பதிவு காலாவதியாகும். மீண்டும் பதிந்தால் புதிய நாளே கணக்கு என்பதால், பத்து ஆண்டு காத்திருப்பு ஒரு மறதியில் அழிந்துவிடக்கூடும். தவறவிட்டோருக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை ஆணைகள் பிறப்பித்துள்ளது.

மதுரையில்

மதுரை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் கே.புதூரில் உள்ளது. முதுநிலைப் பட்டதாரிகளும் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்வி பயின்றோரும் தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிகின்றனர். அது சென்னையிலும் மதுரையிலும் இயங்குகிறது.

மதிப்பெண் சான்றிதழ் கிடைத்தவுடன் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பகுதி மாணவர்கள் பேருந்து ஏறி மதுரைக்கு வந்து வரிசையில் நிற்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. ஒரு நாள் தாமதமும் மூப்பில் ஒரு நாள் இழப்பாகும். நகரத்தில் வாழ்ந்தோருக்கு இது எளிது. பேருந்துக் கட்டணத்துக்கே யோசிக்க வேண்டியோருக்கு அவ்வாறில்லை. 2010 இல் இணையவழிப் பதிவு தொடங்கப்பட்டது. அதன்பின் பள்ளிகளிலேயே பதியும் வசதியும், சான்றிதழ் வழங்கத் தொடங்கிய நாள் முதல் 15 நாட்களுக்குள் பதியும் அனைவருக்கும் ஒரே மூப்பு என்ற ஏற்பாடும் வந்தன. முந்தி வருவோர் அடையும் ஆதாயத்தை இவ்வேற்பாடு பெருமளவு நீக்கியது எனலாம்.

இணைய வேலைத் தளங்களில்

தனியார் வேலைகளுக்கென 2020 இல் தமிழ்நாடு அரசு தனி இணையதளம் தொடங்கியது. இத்தகைய தளங்களில் மூப்பு இல்லை. விண்ணப்பதாரர் பதிந்த நாளைவிட வேலை அறிவிப்பு வெளியான நாளே முக்கியமாகிறது. போதிய விண்ணப்பங்கள் வந்ததும் நிறுவனம் அறிவிப்பை மூடிவிடலாம். ஆகவே புதிய அறிவிப்புகளை நாள்தோறும் பார்த்து உடனே விண்ணப்பிப்பவர் பயனடைகிறார். அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் இது பொருந்தாது. கெடுவுக்குள் எந்நாளில் விண்ணப்பித்தாலும் மதிப்பெண்ணே கருதப்படும். எனினும் இறுதி நாளில் இணையதளம் நெரிசலால் மந்தமாவதுண்டு.

ஐந்து ஆண்டுகள் காத்திருந்தும் வேலை கிடைக்காதோருக்குத் தமிழக அரசு வழங்கும் உதவித்தொகைக்குப் பழைய பதிவு நாளே அடிப்படையாகும். அதற்கும் பதிவு தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.