மசில் கார்களுக்கு முன்னும் பின்னும் வேறு சக்கரங்கள்: அழகும் அளவும் சட்டமும்

ஆஸ்திரேலியாவில் 1960களின் இறுதியிலும் 1970களிலும் தயாரான, 'மசில் கார்' எனப்படும் ஆற்றல்மிக்க கார்களை வைத்திருப்போர் பலர், முன்பக்கத்தில் சற்றே சிறிய சக்கரங்களையும் பின்பக்கத்தில் பெரிய சக்கரங்களையும் பொருத்துகின்றனர். சிட்னி, மெல்பர்ன் நகரங்களில் நடக்கும் பழைய கார் கண்காட்சிகளில் இத்தோற்றத்தைப் பரவலாகக் காணலாம். ஆனால் தோற்றத்தை மட்டும் பார்த்துச் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தால், கார் சாலையில் ஓடும் தகுதியையே இழக்கக்கூடும்.

பந்தயத்தில் பிறந்த கார்கள்

ஹோல்டன் மொனாரோ 1968ஆம் ஆண்டிலும், கிரைஸ்லர் வேலியண்ட் சார்ஜர் 1971ஆம் ஆண்டிலும் அறிமுகமாயின. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பாதர்ஸ்ட் நகரில் நடந்த பந்தயமே இவற்றின் புகழுக்கு அடித்தளம். அங்கு 1971ஆம் ஆண்டு ஆலன் மோஃபட் வென்றது ஃபோர்டு ஃபால்கன் ஜிடி-ஹெச்ஓ ஃபேஸ் த்ரீ காரில். பொதுச் சாலைக்கு இத்தகைய வேகம் தேவையா என்று 1972ஆம் ஆண்டு பத்திரிகைகளில் சர்ச்சை எழவே, அடுத்த வடிவமான ஃபேஸ் ஃபோர் திட்டம் கைவிடப்பட்டது.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இக்கார்களின் நான்கு சக்கரங்களும் ஒரே அளவுடையவை. 14 அங்குல ரிம் அன்று பரவலாக இருந்தது. முன்பின் வேறுபாடு பின்னர் உரிமையாளர்கள் செய்துகொண்ட மாற்றமே.

ஏன் இரண்டு அளவுகள்?

வயலில் உழும் டிராக்டரைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் புரியும். எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குச் செல்வதால் அவை பெரியவை. திசை திருப்பும் முன்சக்கரங்கள் சிறியவை. மசில் கார்களிலும் விசை பின்சக்கரங்களுக்கே செல்கிறது. கார் சீறிக் கிளம்பும்போது அதன் எடையில் ஒரு பகுதி பின்னோக்கிச் சாய்வதால், பின்னால் அகலமான டயர் இருந்தால் அது வழுக்காமல் சாலையைப் பற்றிக்கொள்ளும்.

ஆனால் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது. காரை நிறுத்தும் பணியில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. எனவே பின்டயரை அகலமாக்கிவிட்டு முன்டயரை மிகவும் குறுகலாக விட்டால், வளைவில் கார் திரும்ப மறுத்து நேராகச் செல்ல முற்படும். நிற்கும் தூரமும் கூடும்.

கணக்கு எங்கே பிழைக்கிறது?

டயரில் 205/70 ஆர் 14 என்று எழுதியிருந்தால், 205 என்பது மில்லிமீட்டரில் அதன் அகலம். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம் என்பதைக் குறிக்கிறது. 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ரிம்மின் விட்டத்துடன் பக்கச்சுவரின் உயரத்தை இருமுறை கூட்டினால் மொத்த விட்டம் கிடைக்கும். இந்த டயருக்கு அது சுமார் 643 மில்லிமீட்டர்.

இதுவே ஒரு காரின் மூல அளவு என்று கொள்வோம். முன்னால் 225/45 ஆர் 17 பொருத்தினால் விட்டம் 634 மில்லிமீட்டர். மூல அளவைவிட 9 குறைவு. பின்னால் 245/45 ஆர் 18 பொருத்தினால் 678 மில்லிமீட்டர். அதாவது 35 அதிகம். அதே ரிம்மில் 245/40 ஆர் 18 பொருத்தினால் 653 மில்லிமீட்டர். 10 மட்டுமே அதிகம். ரிம்மின் அங்குலத்தை விடப் பக்கச்சுவரின் உயரமே இங்கு முடிவைத் தீர்மானிக்கிறது.

இக்கார்களின் வேகமானி கியர்பெட்டியிலிருந்து கேபிள் மூலம் இயங்குவதால், பின்டயர் பெரிதானால் அது குறைத்துக் காட்டும். 678 மில்லிமீட்டர் டயருடன் மானி 100 கிலோமீட்டர் காட்டும்போது உண்மை வேகம் சுமார் 105 ஆக இருக்கும்.

சட்டம் சொல்வது

விஎஸ்பி 14 எனப்படும் ஆஸ்திரேலிய தேசிய வழிகாட்டு நெறிமுறையின்படி, பயணிகள் காரில் பொருத்தும் டயரின் மொத்த விட்டம், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவைவிட 15 மில்லிமீட்டருக்கு மேல் கூடவோ 26 மில்லிமீட்டருக்கு மேல் குறையவோ கூடாது. மேற்சொன்ன உதாரணத்தில் 653 ஏற்கத்தக்கது, 678 ஏற்கத்தக்கதல்ல.

முன்னும் பின்னும் வேறு அளவுகள் இருப்பதற்குத் தடையில்லை. ஆனால் ஒரே அச்சின் இரு சக்கரங்களும் ஒரே அளவாக இருக்க வேண்டும். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடுவதால், வரம்பை மீறும் மாற்றத்துக்கு முன்னரே அங்கீகாரம் பெற்ற பொறியாளரை அணுகுவது அவசியம்.

விக்டோரியாவில் 25 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு, ஆண்டுக்கு 45 அல்லது 90 நாட்கள் ஓட்ட அனுமதிக்கும் கிளப் பெர்மிட் திட்டம் உள்ளது. நியூ சவுத் வேல்ஸில் 30 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களில், மூலவடிவில் உள்ளவற்றுக்கும் மாற்றம் செய்யப்பட்டவற்றுக்கும் தனித்தனித் திட்டங்கள் உள்ளன. எனவே சக்கரத்தை மாற்றும் முன், கார் எந்தத் திட்டத்தில் பதிவாகியுள்ளது என்று பார்ப்பது நல்லது. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படும் அபாயமும் உண்டு.

வாங்கும் முன்

போல்ட் துளைகளின் இடைவெளி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஃபால்கனில் ஐந்து போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர், 1971இல் வந்த ஹோல்டன் ஹெச்க்யூவில் 120.65. பட்டை ஸ்பிரிங் உள்ள கார்களின் பின்பக்கத்தில் உள்ளே அந்த ஸ்பிரிங்கும் வெளியே மட்கார்டும் டயருக்கு எல்லை வகுக்கின்றன. முன்பக்கத்தில் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்து, டயர் எங்கும் உரசவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். தேய்மானத்தைச் சமன்செய்ய முன்டயரையும் பின்டயரையும் மாற்றிப் போட இயலாது. ஒரே உபரிச் சக்கரம் இரண்டுக்கும் பொருந்தாமலும் போகலாம்.

கழற்றிய மூலச் சக்கரங்களை விற்றுவிடாமல் பாதுகாப்பதும் முக்கியம். ஃபோர்டு 2016ஆம் ஆண்டிலும் ஹோல்டன் 2017ஆம் ஆண்டிலும் ஆஸ்திரேலியாவில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டன. மொத்தம் 300 மட்டுமே தயாரான ஃபேஸ் த்ரீ கார்களில் ஒன்று 2018ஆம் ஆண்டு ஏலத்தில் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் விலைபோனது. இத்தகைய கார்களுக்கு மூலவடிவம் குலையாதிருப்பதே மதிப்பு. புதிய சக்கரங்களை என்றும் வாங்கலாம். காருடன் வந்த சக்கரங்கள் ஒருமுறை கைவிட்டுப் போனால் மீண்டும் கிடைப்பது அரிது.