கற்கண்டும் கடிகையும்

கற்கண்டைக் கையில் பெற்ற சிறுவர், அதனைச் சுவைத்து முடிக்குமுன் நடுவே கிடக்கும் நூலைக் கண்டு, 'இஃது எவ்வாறு உள்ளே புகுந்தது?' என வினவுவர். நூல் கட்டியினுள் புகுந்ததன்று. நூலின்மேல் கட்டி வளர்ந்தது. செறிவுறக் காய்ச்சிய பாகினை நூல் கட்டிய கலத்தில் வார்த்து அசையாது வைப்பின், ஆறுந்தோறும் கரைந்து நிற்கவியலாத சருக்கரை நூலின் பிசிறுகளைப் பற்றிப் பளிங்காகப் படியும். கலக்கினால் பொடிமணலே எஞ்சும். பனங்கற்கண்டும் இம்முறையில் விளைவதே.

நூலுருண்டையை நூற்கண்டு என்பதால், நூலுடைய இனிப்பும் கண்டு எனப்பட்டது போலும் என்று சிறுவர் கருதுதல் கூடும். இன்பந்தரும் ஊகமேயெனினும் கொள்ளத்தக்கதன்று. துண்டு எனப் பொருள்படும் 'கண்டம்' என்னும் வடசொல்லே இதற்கு அடியாதல் வேண்டும். 1909-இல் சாமசாத்திரியார் பதிப்பித்த கௌடலீயம், கரும்பின் விளைபொருள்களை எண்ணுமிடத்துக் கண்டத்தையும் சருக்கரையையும் வேறுவேறாகக் கூறுகின்றது. கண்டம் பாரசீகத்தில் 'கந்த்' என்றாகி, அரபு, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் 'கேண்டி' ஆயிற்று. ஆங்கிலச் சிறுவர் வாயில் வழங்குவதும் நம் கற்கண்டின் உறவுச் சொல்லே.

சருக்கரை என்பதன் மூலமாகிய 'சர்க்கரா' பருக்கைக் கல்லையும் குறிக்கும். தமிழில் 'அயிர்' நுண்மணலுக்கும் கண்டசருக்கரைக்கும் பெயராய் நிற்கின்றது. இருமொழியாளரும் சுவையை விடுத்துக் கண்ணுக்கும் விரலுக்கும் பட்ட தன்மையால் பெயரிட்டமை நோக்கத்தக்கது.

இனி, சங்க காலத்தார் கற்கண்டை அறிந்திருந்தனரா? மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில், பலாச்சுளை முதலிய உணவுகளோடு இனிய சேற்றையுடைய 'கடிகை' என ஒன்றனைச் சேர்த்துரைக்கின்றார். நச்சினார்க்கினியர் இதற்குக் கண்டசருக்கரைத் தேற்று எனப் பொருள் கூறினார். இவ்வுரையைக் கொண்டே சங்க காலத்துக் கற்கண்டு இருந்ததெனத் துணிவது பொருந்தாது. உரையாசிரியர் 14-ஆம் நூற்றாண்டினர் என்பர். தம் காலத்து மாணாக்கர்க்கு விளங்கும் பண்டத்தைக் காட்டியிருத்தல் இயல்பு. மூலத்தில் உள்ள 'சேறு' குழைந்த பாகினையே உணர்த்தும். பளிங்குக் கல்லைச் சேறுடையதென்று கூறுதல் அரிது.

எனினும் கரும்புப் பாகு பழந்தமிழர்க்குப் புதிதன்று. அதியமானின் முன்னோர் கரும்பினை இந்நாட்டிற்குக் கொணர்ந்தமையை ஔவையார் புறநானூற்று 99-ஆம் பாட்டில் குறிக்கின்றார். ஆலைகளில் கருப்பஞ்சாறு காய்ச்சும் புகையைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. காய்ச்சிய பாகினை ஆறவிட்டுத் துண்டு செய்தற்கு இவ்வளவே போதும். அதனைப் பன்னாள் அசையாது வைத்து நூலில் வளர்ப்பது வேறொரு தொழில். ஆதலின் கடிகையைப் பாகுத் துண்டம் என்று கொள்வதே நேரிது. அத்தொழில் தமிழகத்தில் எப்போது தொடங்கிற்று என்பதைக் கல்வெட்டுகளில் வரும் சருக்கரை வகைகளின் பெயர்களையும் கொண்டு ஆராய்தல் வேண்டும்.