திருத்தச் சீட்டு

சென்ற வாரம் அடையாறில் மகள் வீட்டுக்குப் போனபோது பேரன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கும் மயிலாப்பூர் சபா ஒன்றுக்கும் இணையதளம் செய்து கொடுத்திருக்கிறான். நீளமான தலைப்பைத் திரைக்கேற்ப வெட்டும் சிறு நிரல் இரண்டிலும் ஒன்றே. ஜவுளிக்கடையில் அது 'புடவை'யைப் 'புடவ' ஆக்கியது; போன மாதமே சரிசெய்துவிட்டான். சபா தளத்தில் பழைய நகல். அங்கே இப்போது 'கச்சேர' நடக்கிறது! 'கச்சேரி' நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் புள்ளிக்கும் கொம்புக்கும் சுழிக்கும் தனித்தனிக் குறியீடு என்பதால் ஏழு.

"லைப்ரரியா வச்சிருக்கணும் தாத்தா" என்றான். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். எங்களுக்கு 'லிப்ரேரி' என்றால் புத்தகக்கடை, நூலகம் 'பிப்லியோத்தேக்'. நிரல் நூலகத்துக்கும் பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஞாபகம் வந்தது திருத்தச் சீட்டு. அந்தக் காலத்தில் பிரிவுக்கு ஒரு விதிப்புத்தகம் இருக்கும். விதி மாறினால் அச்சடித்த சீட்டு வரும், பசை தடவி ஒட்டவேண்டும். பக்கத்துப் பிரிவில் ஒட்டியிருந்தார்கள். என் புத்தகத்தில் ஒட்டவில்லை. பழைய விதிப்படி ஒரு கடைநிலை ஊழியருக்குப் பயணப்படி கூடுதலாகப் போட்டுவிட்டேன். தணிக்கையில் அகப்பட்டது. பிடித்தம் என் சம்பளத்தில் அல்ல, அவர் சம்பளத்தில், ஆறு தவணை. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பொது நிரல் என்ற எண்ணம் பழையது. கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி 1949 மே மாதம் ஓடத் தொடங்கியது. வில்க்ஸ், வீலர், கில் மூவரும் அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதிந்து சேர்த்துவைத்தார்கள். வேண்டியவர் எடுத்துத் தம் நாடாவில் படியெடுத்துக்கொள்ளலாம். 1951இல் அதை விளக்கிப் புத்தகமும் வந்தது. ஆனாலும் அது படிதானே? மூல நாடாவைத் திருத்தினால், முன்பே படியெடுத்தவரிடம் பிழை அப்படியே இருக்கும்.

தமிழ் எழுத்தைச் சரியாகப் பிரிக்கப் பேரன் தானே எழுதியிருக்கவும் வேண்டாம். எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஓப்பன்-தமிழ் என்று ஒரு பைத்தான் நூலகத்தை இலவசமாக வைத்திருக்கிறார்கள். 'கச்சேரி'யைக் கொடுத்தால் நான்கு எழுத்தாகப் பிரித்துத் தரும்.

பொதுவில் வைப்பதிலும் ஆபத்து உண்டு என்றான் அவன். 2016 மார்ச்சில் ஒருவர் தம்முடைய 'லெஃப்ட்-பேட்' என்ற பதினொரு வரி நிரலைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்க, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் திணறினவாம். அதனால் எந்தப் பதிப்பு என்று குறித்துவைத்துத்தான் எடுக்கவேண்டுமாம். நாங்களும் சீட்டு எண்ணைக் குறித்துத்தான் ஒட்டுவோம், ஒட்டும்போது.

ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தான். இரண்டு தளமும் இப்போது ஒரே நூலகத்திலிருந்து எடுக்கின்றனவாம். சபா பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கச்சேரி, சுழியோடு.