தித்திப்பும் பட்டினியும்

நீரிழிவு கண்டவர் சோற்றை விலக்கிச் சப்பாத்திக்கு மாறினால் போதும். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி கலந்து பருகினால் கேடில்லை. இவ்விரு கருத்துகளையும் கேளாத வீடு நம்மிடையே அரிது. உணவு பற்றிய இத்தகைய பிழைநம்பிக்கைகளுக்கும் நெடிய வரலாறு உண்டு. அதனைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

இந்நோயாளரின் சிறுநீர் தேனொத்தது எனப் பழைய வடமொழி மருத்துவ நூல்கள் குறித்தன. மதுமேகம் என்னும் பெயரே அதற்குச் சான்று. அவ்வினிப்பு சர்க்கரையே என 1776-இல் மெய்ப்பித்தவர் இங்கிலாந்தின் மருத்துவர் மாத்யூ டாப்சன். 1797-இல் ஜான் ரோலோ, தாவர உணவை ஒடுக்கி, இறைச்சியும் கொழுப்பும் உண்ணச் செய்தார். பின்வந்த பிரெஞ்சு மருத்துவர் பியோரியோ, சிறுநீரில் இழந்ததை ஈடுசெய்யச் சர்க்கரையையே மிகுதியாக உண்ணச் சொன்னார்! 1870-இல் பாரிசு நகர் முற்றுகையிடப்பட்டு உணவு அருகியபோது, நோயாளர் சிலரின் சிறுநீரில் சர்க்கரை மறைந்ததைப் புஷார்தா கண்டார்.

1910-களில் அமெரிக்கரான பிரெடரிக் ஆலன் பட்டினியையே மருந்தாக்கினார். சிறார் சிலரின் ஆயுள் சிறிது நீண்டது உண்மையே. ஆயினும் அவர்கள் எலும்பும் தோலுமாயினர். 1922 சனவரி 11 அன்று கனடாவின் தொராண்டோவில் முதன்முதல் இன்சுலின் பெற்ற லெனார்ட் தாம்சனுக்கு வயது 14. எடையோ ஏறத்தாழ 30 கிலோ. தூய்மை குறைந்த அம்மருந்து போதிய பயன் தரவில்லை. சனவரி 23 அன்று, தூய்மையாக்கிய மருந்து செலுத்தப்பட்டபின் சர்க்கரை இறங்கியது. அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? இன்சுலின் சுரப்பே அற்றுப்போகும் முதல் வகை நீரிழிவுக்கு எவ்வுணவும் மருந்துக்கு ஈடாகாது. இரண்டாம் வகையினர் பலர் உணவாலும் உடற்பயிற்சியாலும் பெரிதும் நலம் பெறுகின்றனர். எனினும் அரிசி, கோதுமை இரண்டும் மாவுச்சத்தே. தானியத்தின் பெயரினும் உண்ணும் அளவே முதன்மையானது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான்.

ஒருவர் சொன்ன பத்தியத்தை நம்பி, முதல் வகை நோயுற்ற குழந்தையின் ஊசியை நிறுத்தும் பெற்றோர், அக்குழந்தையை 1922-க்கு முந்தைய காலத்திற்கே அனுப்புகின்றனர். அத்தகையோரைக் காண நேர்ந்தால், தாம்சனின் கதையை அவர்களுக்குச் சொல்வோம்.