துணையும் தடையும்: மார்ட்டினின் நெடும்புனைவில் பேரோநாய்கள்

மிகுபுனைவு நெடுங்கதைகளில் தலைமைப் பாத்திரத்தோடு இணைந்து வரும் மாய விலங்கு, பெரும்பாலும் அப்பாத்திரத்தின் வலிமையினுடைய நீட்சியாகவே வாசிக்கப்படுகிறது. போரில் அது படைக்கலம், அவையில் அது குலச்சின்னம் என்ற அளவில் ஆய்வு நின்றுவிடுகிறது. 1996-இல் வெளிவந்த ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முதல் 2011-இல் வெளிவந்த ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ வரை ஐந்து நாவல்களாக விரிந்து இன்னும் நிறைவுறாதிருக்கும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரும் அவ்வாசிப்புக்கு இடம் தருவதாகவே முதலில் தோன்றும். ஆயினும் ஸ்டார்க் குடும்பத்தாரின் ஓநாய்கள் எங்கெங்கே விலக்கி வைக்கப்படுகின்றன, அதன்பின் என்ன நேர்கிறது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், அதிகாரத்தைப் பெருக்குவதைக் காட்டிலும் அதன் எல்லையைச் சுட்டுவதே அவற்றின் முதன்மைப் பணி என்பது புலனாகும்.

பேரோநாய் என்ற பெயர் ஆசிரியரின் கற்பனையன்று. வட அமெரிக்காவில் வாழ்ந்து, ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன ஒரு விலங்கினத்தின் பெயரையே மார்ட்டின் எடுத்தாள்கிறார்; லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் லா பிரேயா தார்க்குழிகளில் அவ்வினத்தின் எலும்புகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. நாவலில் இவை குதிரைக்குட்டி அளவுக்கு வளரும் பேரோநாய்களாக உருப்பெறுகின்றன. தொண்டையில் உடைந்த மான்கொம்போடு பனியில் இறந்துகிடக்கும் தாயின் அருகே ஆறு குட்டிகள் கண்டெடுக்கப்படும் காட்சியில், ஓநாய் ஸ்டார்க்குகளின் சின்னமாகவும் மான் அரசர் ராபர்ட் பாரதியனின் குலச்சின்னமாகவும் இருப்பதால், வரவிருக்கும் பகை முன்கூட்டியே உணர்த்தப்படுகிறது. சின்னம் என்ற நிலையில் ஓநாய் ஆற்றும் பணி இங்கேயே ஏறக்குறைய முடிந்துவிட, பாத்திரம் என்ற நிலையில் அதன் வாழ்வு இதற்குப் பிறகே தொடங்குகிறது.

அவ்வாழ்வின் அடிப்படை, ஒருவரின் உணர்வு விலங்கின் உடலுக்குள் புகுந்து அதன் கண்ணால் காணவும் மூக்கால் நுகரவும் வல்லதாகும் ஆற்றலாகும். தமிழ் மரபில் கூடுவிட்டுக் கூடு பாய்தல் எனப்படுவதற்கு இது நெருக்கமானதே. ஆயினும் திருமூலர் கதையில் சித்தர் புகுவது உயிர் நீங்கிய உடல். மார்ட்டினின் புனைவிலோ புகப்படும் உடலில் அதற்குரிய உயிரும் விருப்பமும் அச்சமும் நிலைத்திருக்கின்றன. ஆகவே இவ்வுறவு ஒரே உடலில் இரு விருப்பங்கள் இணங்கி வாழும் உறவாகிறது. இணக்கம் எங்கே முடிந்து ஆதிக்கம் எங்கே தொடங்குகிறது என்ற வினாவும் அதனுடனே பிறக்கிறது.

அவ்வினாவை ஆசிரியர் வெளிப்படையாக எழுப்பும் இடம் ஐந்தாம் நாவலின் முன்னுரைப் பகுதி. ஓநாய்கள், பனிக்கரடி முதலிய பல விலங்குகளைத் தன்வயப்படுத்திய வாரமிர், மனிதரின் உடலைக் கைப்பற்றுவது பெரும் பழி என்று தன் ஆசான் ஹாகன் கற்பித்ததை நன்கறிந்தும், சாவின் விளிம்பில் தனக்கு உதவிய பெண்ணின் உடலையே பறிக்க முயன்று தோற்கிறான். இப்பகுதி, நற்பண்புடைய சிறுவனாகவே வாசகர் அறிந்த பிரான் ஸ்டார்க், தன்னைச் சுமந்து செல்லும் ஹோடரின் உள்ளத்துக்குள் மீண்டும் மீண்டும் புகுவதையும், ஹோடர் அஞ்சி ஒடுங்குவதையும் மன்னிக்க இயலாத ஒளியில் காட்டுகிறது. தன் ஓநாயான சம்மருடன் பழகிய பழக்கமே பிரானுக்கு இவ்வாற்றலைத் தந்தது என்பதால், துணையுறவு தன் எல்லையைக் கடக்கும்போது அடக்குமுறையாக மாறக்கூடும் என்பதையும் தொடர் மறைக்கவில்லை.

அரசியல் மோதலில் ஓநாய்களின் இடத்தை விளக்க, பிரானின் அண்ணனும் வடபுலத்தின் அரசனுமான ராப் ஸ்டார்க்கின் கதை தக்க சான்று. கோல்டன் டூத் கோட்டையைச் சுற்றிச் செல்லும் ஆட்டுத்தடத்தை அவனது ஓநாய் கிரே விண்ட் மோப்பம் பிடித்துக் காட்டியதாகவே படையினர் பேசிக்கொள்கின்றனர். ஆக்ஸ்கிராஸ் போர் வெற்றிக்கு அதுவே வழிசெய்கிறது. இதுவரை ஓநாய் படைக்கலம்தான். ஆனால் ராப்பின் திருமணத்துக்குப் பின், புதிய உறவினர் ரோல்ஃப் ஸ்பைசரைக் கிரே விண்ட் வெறுப்பதாக அறிந்த தாய் கேட்லின், அவரை உடனே அகற்றுமாறு வேண்டும்போது ராப் தயங்குகிறான்; மனைவி அஞ்சுகிறாள் என்பதற்காக ஓநாயையும் தள்ளிவைக்கிறான். தம்பியர் இருவரையும் அவர்களின் ஓநாய்கள் காக்கவில்லை என்ற பொய்ச்செய்தியை நம்பியதால், அவற்றின் மீதிருந்த நம்பிக்கையும் அவனிடம் தளர்ந்திருக்கிறது. பின்னர் விருந்தினனாக அவன் செல்லும் ஃபிரே குலத்தாரின் கோட்டை வாயிலில் கிரே விண்ட் உறுமி முன்னேற மறுக்கிறது. எனினும் அக்குலப் பெண்ணை மணப்பதாகத் தந்த வாக்கை மீறி அக்குலத்தை இழிவுபடுத்திய ஓர் அரசன், விருந்தோம்புவோரின் அவைக்குள் ஓநாயோடு நுழைந்து மறுபடியும் புண்படுத்த இயலாது. அவ்விரவு அரசனும் ஓநாயும் தனித்தனியே கொல்லப்படுகின்றனர்.

ஓநாயின் எச்சரிக்கை வெறும் சகுனமே என்றும், விதியை முன்கூட்டி அறிவிக்கும் கதை உத்தி என்றும் மறுப்பு எழலாம். சகுனம் பலிப்பதற்கு மனிதரின் முடிவு தேவையில்லை. இங்கேயோ பேரிழப்பு, கண்ணியமான காரணங்களுக்காக எடுக்கப்பட்ட முடிவுகளின் வழியாகவே வருகிறது. ஸ்டார்க் குடும்பத்தில் வளர்ந்த ஜான் ஸ்னோவின் கதையும் இதை உறுதிசெய்கிறது: ஓநாயை அருகில் வைத்துக்கொள்ளுமாறு பெண்பூசாரி மெலிசாண்ட்ரே எச்சரித்திருந்தும், மற்றொருவரின் காட்டுப்பன்றியோடு தன் ஓநாய் கோஸ்ட் மோதிவிடக் கூடாதென்று அதை அடைத்துவைத்த வேளையில்தான் தன் தோழர்களின் கத்திக்குத்துக்கு அவன் ஆளாகிறான்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி, முதல் நாவலில் லேடி என்ற ஓநாய் கொல்லப்படும் நிகழ்ச்சி. இளவரசன் ஜாஃப்ரியைக் கடித்தது ஆர்யா ஸ்டார்க்கின் ஓநாயான நைமீரியா. அது தப்பியோடிவிட, எக்குற்றமும் செய்யாத, ஆறு குட்டிகளிலும் மிகச் சாதுவான லேடியைக் கொல்ல வேண்டுமென்று அரசி செர்ஸி கோர, அரசர் தடுக்காதிருக்க, குடும்பத் தலைவரான எடார்ட் ஸ்டார்க் தம் கையாலேயே அதைச் செய்கிறார். அரசவையின் நீதி உண்மையைத் தேடுவதில்லை, வலியவரின் சினத்துக்குப் பலியைத் தேடுகிறது என்பதை எடார்டின் சொந்த வீழ்ச்சிக்கு வெகு முன்னரே இவ்விலங்கின் சாவு நிறுவிவிடுகிறது. விரட்டப்பட்ட நைமீரியாவோ ஆற்றுநாட்டில் பெருங்கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறது. பெயரையும் அடையாளத்தையும் துறக்குமாறு பிராவோஸில் பயிற்றுவிக்கப்படும் ஆர்யா, இரவுதோறும் கனவில் அதுவாக வாழ்வதாலேயே தன்னை முற்றிலும் இழந்துவிடாதிருக்கிறாள்.

ஆகவே இத்தொடரின் துணைவிலங்கை ஓர் எதிர்க்குரலாகக் கொள்வதே பொருந்தும். ஆளுவோரைச் சுற்றியுள்ள மனிதர் ஒவ்வொருவருக்கும் அவர்களிடமிருந்து பெற வேண்டியது ஏதோவொன்று இருக்க, எதையும் வேண்டாது உடனிருக்கும் ஓநாயின் மதிப்பீடு மட்டுமே விலைபோகாததாக நிற்கிறது. அம்மதிப்பீட்டை நாகரிகத்துக்காகவும் வசதிக்காகவும் வாயிலுக்கு வெளியே நிறுத்தும் ஆட்சி எப்படி முடிகிறது என்பதே மார்ட்டின் காட்டும் அரசியல் பாடம். மாய விலங்குகளை அலங்காரமாகக் கருதி ஒதுக்கும் திறனாய்வு, இப்பாடத்தின் மையத்தையே தவறவிடுகிறது.